விடாத பக்கம்

நாணயத்தின் விலை நூற்றுக்கு இரண்டு.

கணினி நிரலில் அவள் எழுதிய நான்கு வரியை எடுத்துவிட்டால் இயந்திரத்துக்கு அவ்வளவு வேகம் கூடுகிறது. மேலாளர் தனசீலன் அளந்து பார்த்துவிட்டார்.

அந்த நான்கு வரிக்கு ஒரே வேலைதான். செருகிய நினைவக அட்டையிலிருந்து எந்த நிரல் ஒரு பக்கம், அதாவது எழுத ஒரு துண்டு இடம், கேட்டாலும், முதலில் அட்டையைப் பிடித்துக்கொள். பிறகு பக்கத்தைக் கொடு. முடிந்ததும் இரண்டையும் விடு. ஒரு பிடி மிச்சமிருந்தாலும் அட்டை வெளியே போகாது.

வரி இல்லையென்றால் அட்டை போய்விடும். பக்கத்தை வைத்திருப்பவனுக்கு யாரும் சொல்ல மாட்டார்கள். அவன் பாட்டுக்கு இல்லாத இடத்தில் எழுதிக்கொண்டிருப்பான்.

"ஓடுற மெஷின்ல அட்டையை எவன் கழட்டப் போறான்? ஆயுசுல ஒரு தடவை. அதுக்குத் தினம் தினம் ரெண்டு பர்சன்ட் அழணுமா?" என்றார் தனசீலன், காலையில்.

அவள் தலையை ஆட்டி மறுத்தாள்.

"சரி, ரெண்டு வரியாவது எடு."

"பாதிப் பூட்டு போடட்டுமா சார்?"

பேரம் அங்கே முறிந்தது. "மத்தியானத்துக்குள்ள எடுத்துட்டு, கீழ உன் பேரைப் போடு. இல்லேன்னா எச்.ஆரைப் போய்ப் பாரு."

அவள் வேலை நிரந்தரமாவது இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

ஆனால் கணினியின் அடித்தள நிரலான கெர்னலில் செய்யும் திருத்தத்தின் கீழே பெயர் போடுவது கல்யாண மொய்க்குப் பெயர் எழுதுவது போல் இல்லை. நான் பொறுப்பு என்று அர்த்தம். எந்தக் காலத்தில் எவன் தலையில் உடைந்தாலும் பெயர் அங்கேயே நிற்கும்.

அவள் போடவில்லை.

இப்போது தரமணி ஆய்வுக்கூடத்தில், ஏசிக்கு நேர் கீழே, ஹமீது மரைக்காயர் உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரிகளின் கோப்புகளைத் தன் கணினிகளில் வைத்துக் காப்பது அவர் தொழில். இந்த இயந்திரங்களை வாங்க வந்திருந்தார். மூட்டையைக் குத்திப் பார்க்காமல் விலை பேசாத பரம்பரை.

தனசீலன் பெண்வீட்டுக்காரர் போல டீயும் பிஸ்கட்டுமாக ஓடினார்.

எதிரே இரண்டு இயந்திரம். இடது, தனசீலன் வரிகளை உருவியது. வலது, அவளுடையது.

இடது திரையில் எண்கள் பறந்தன. மரைக்காயரின் புருவம் ஏறியது. இன்னும் ஒரு டீ உள்ளே போனால் கை பேனாவைத் தேடும்.

அவள் எழுந்தாள்.

யாரும் கூப்பிடவில்லை. இரண்டு கையையும் நீட்டி, இரண்டு இயந்திரத்திலும் அட்டையைக் கழற்றும் பொத்தானை ஒன்றாக அழுத்தினாள்.

இடது விளக்கு, அட்டையை விட்டாயிற்று என்று, பட்டென்று அணைந்தது.

வலது விளக்கு, இன்னும் பிடி இருக்கிறது என்று, சிமிட்டத் தொடங்கியது.

தனசீலனுக்கு முகம் வெளுத்தது. வாய் மட்டும் வியாபாரத்தை விடவில்லை.

"பாத்தீங்களா பாய், இதுலயும் லெஃப்ட்டுதான் ஃபாஸ்ட்டு."

மரைக்காயர் அணைந்த விளக்கைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். எண்கள் இன்னும் பறந்துகொண்டிருந்தன.

"அட்டைதான் போயிருச்சே தம்பி. இது இப்ப எங்கன எழுதுது?"

தனசீலன் பிஸ்கட் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார்.

வலது பக்கம், புதிதாகப் பக்கம் கேட்டவர்களுக்கெல்லாம் இல்லை என்று சொல்லியாயிற்று. முன்பே பிடித்தவர்கள் எழுதி முடித்து, ஒவ்வொருவராக விட்டார்கள். திரையில் பிடிகளின் எண்ணிக்கை இறங்கியது.

ஆயிரம். நூறு. எட்டு. ஒன்று.

ஒன்றிலேயே நின்றது.

தனசீலன் குனிந்து, காதோடு, "ஹேங் ஆயிடுச்சா? மானத்தை வாங்காத. விடச் சொல்லும்மா."

"ஹேங் ஆகல சார்." மரைக்காயருக்கும் கேட்கும்படி சொன்னாள். "அதை நான்தான் பிடிச்சிருக்கேன். நான் விடுற வரைக்கும் அட்டை போகாது."

ஒரு விசையைத் தட்டினால் போதும், அதுவும் விட்டுவிடும்.

அவள் கைகளைக் கட்டிக்கொண்டாள்.

மரைக்காயர் நாற்காலியை இழுத்து, வலது திரைக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தார்.

பிடித்தது, எட்டாயிரத்து நூற்றுத் தொண்ணூற்று இரண்டு.

விட்டது, எட்டாயிரத்து நூற்றுத் தொண்ணூற்று ஒன்று.

பாக்கி, ஒன்று.