நம்பர் ஒட்டாத டப்பா

"நாலு நாளா? நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு நான் ஸ்டேஷன்ல நிக்கணும் ஐயா!"

பெயின்டர் தலை நிமிரவில்லை. சிறு பஞ்சில் சாயம் தொட்டு, தட்டிலிருந்த சிலிக்கோன் உறுப்பின் மேல் ஒற்றி ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தார். பெண்ணாக வளர்க்கப்பட்டு ஆணாக வாழும் திருநம்பிகள் உள்ளாடைக்குள் அணிந்துகொள்ளும் ஆணுறுப்பு. அச்சிலிருந்து வரும்போது பொம்மை மாதிரி வெளிறிக் கிடக்கும். அதற்கு நரம்பும் ரத்தமும் தோலும் கொடுப்பது இவர் வேலை.

"அடுத்த வாரம்னுதானே சொன்னே தம்பி?"

"சொன்னேன். உடனே வந்து சேருன்னு நேத்து லெட்டர் வந்துடுச்சு. தீயணைப்பு நிலையம் ஐயா. இருபது ஆம்பளைங்க, ஒரே குளியலறை. மணி அடிச்சா எல்லாரும் ஒண்ணா நின்னு உடுப்பு மாத்தணும். நான் மட்டும் சுவரைப் பார்த்துக்கிட்டு நிக்க முடியுமா?"

"நேத்தே வந்திருந்தா அப்படியே கொடுத்திருப்பேன். காலையில வெளிச்சத்துல வச்சுப் பார்த்தேன், ஒரு படி வெளுப்பாத் தெரிஞ்சுது. மனசு கேக்கலை, இன்னொரு பூச்சு ஏத்திட்டேன். இப்பத் தொட்டா கையோட வந்துடும்."

இளைஞன் ஜன்னலோர ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தான். "ஒரு படி வெளுப்பை யாரு பார்க்கப் போறா?"

"நீ பார்ப்பே. அவசரத்துல குனிஞ்சு பார்க்கிறப்ப, இது என்னோடது இல்லைன்னு உனக்கே ஒரு நொடி தோணிடக் கூடாது." பெயின்டர் பஞ்சைத் திருப்பிப் பிடித்தார். "மேல் நிறம் வெயில் கொடுக்கிறது. ஏத்தலாம், இறக்கலாம். அடி நிறம் பெத்தவங்க கொடுக்கிறது. அது பிசகினா மேல என்ன பூசினாலும் பொம்மைதான். உனக்கு அடியில மஞ்சள் ஓடுது."

"அப்போ இதுலயும் எங்கப்பாதான் வந்து நிக்கிறாரா?" இளைஞன் சிரித்தான். "ஆறு வருஷமா மனுஷன் முகத்தைக் காட்டலை. கலரை மட்டும் ஓசியில கொடுத்திருக்காரு."

பெயின்டர் சிரிக்கவில்லை. கிண்ணத்தில் பஞ்சைக் கழுவினார். சாயம் போன பிறகும் கழுவிக்கொண்டே இருந்தார்.

"நீங்க முதல் நாள் கதவைத் திறந்ததுமே தம்பின்னு கூப்பிட்டீங்க" என்றான் இளைஞன். "எங்க வீட்டுல அப்படி ஒரு தடவைகூட வாய்ல வரலை. நீங்க எங்கே ஐயா கத்துக்கிட்டீங்க?"

"லேட்டாக் கத்துக்கிட்டேன்."

இளைஞன் எழுந்து அலமாரிப் பக்கம் போனான். வரிசையாகக் கண்ணாடி மூடி போட்ட டப்பாக்கள். ஒவ்வொன்றின் மேலும் வாடிக்கையாளரின் நம்பர். மேல்தட்டு மூலையில் இருந்த ஒன்றில் மட்டும் நம்பர் ஒட்டவில்லை. எட்டி எடுத்தான்.

"ஐயா, இது முடிஞ்சு காஞ்சே கிடக்கே! அளவுகூட எனக்கு ஒத்து வரும் போலிருக்கு."

"அதை வச்சிடு."

"ஏன்?"

"வேற ஒருத்தனோடது. இன்னும் வாங்கிக்க வரலை."

"எத்தனை நாளா?"

"பதினோரு வருஷம்."

"பதினோரு வருஷமா! ஆளு கும்பகர்ணனுக்கு அண்ணனா இருப்பான் போல." இளைஞன் மூடி வழியே உற்றுப் பார்த்தான். "நேத்து அடிச்ச மாதிரில்ல இருக்கு?"

"வருஷம் ஒரு தடவை எடுத்து நிறத்தை மாத்துவேன். அவனுக்கும் வயசாகுதில்ல? இருபதுல இருந்த தோல் முப்பத்தொண்ணுல இருக்குமா? கொஞ்சம் கறுக்கும். நரம்பு எடுப்பாத் தெரியும்."

"அவன் இனிமே வர மாட்டான் ஐயா. எனக்குக் கொடுங்க."

"முடியாது."

"நான் நாளைக்கு அங்கே எப்படிப் போய் நிப்பேன்?"

பெயின்டர் பஞ்சை மறுபடி சாயத்தில் தொட்டார். இளைஞன் டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்தான். வாசலுக்குப் போய் செருப்பில் காலை நுழைத்தான்.

"கேக்கிற நேரத்துல கொடுக்காம, அப்புறம் தங்கத்துலயே செஞ்சு வச்சாலும் யாருக்கு என்ன பிரயோஜனம்?"

பெயின்டரின் கை அப்படியே நின்றது. இளைஞன் தாழ்ப்பாளில் கை வைத்தபோது, பின்னால் நாற்காலி நகர்ந்தது. பெயின்டர் அலமாரியிலிருந்து அந்த டப்பாவை எடுத்து, சட்டை நுனியால் மூடியைத் துடைத்து, அவன் கையில் வைத்தார்.

"கொண்டு போ. உன்னோடது காஞ்சதும் வந்து வாங்கிக்கோ. இதைத் திருப்பித் தர வேண்டாம்."

இளைஞனுக்கு என்னவோ போலாகிவிட்டது. "நான் ஏதோ கோபத்துல பேசிட்டேன் ஐயா. நாளைக்கே அந்த ஆளு வந்து நின்னா என்ன சொல்லுவீங்க? ஆர்டர் சீட்டு இருக்குமே, போன் நம்பர் கொடுங்க. நானே ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்."

சொல்லிக்கொண்டே ஜன்னல் வெளிச்சத்தில் மூடியைத் திறந்தான். இதில் மஞ்சள் இல்லை. அடியில் சிவப்பு ஓடியது. டப்பாவை நீட்டிய பெயின்டரின் கை இன்னும் எதிரே அப்படியே இருந்தது. அந்தக் கையின் அடியிலும் அதே சிவப்பு.

பெயின்டர் சட்டைக் கையை மெல்ல இறக்கிவிட்டுக்கொண்டார்.

"சீட்டெல்லாம் இல்லை தம்பி. அவன் இதைக் கேக்கவே இல்லை. 'முடியை வெட்டிக்கட்டுமாப்பா'ன்னு மட்டும்தான் கேட்டான். 'வெளியே போடா'ன்னு நான் கத்தியிருந்தாக்கூட வாசல்லயாவது நின்னிருப்பான். 'போடி'ன்னேன்."