மூன்றாவது விளக்குக் கம்பம்

நிர்மலாவின் பழைய சைக்கிளுக்கு ஒரு மாதமாகக் கோபம். தினமும் ஓட்டிக்கொண்டிருந்தவள் இப்போது வாரத்துக்கு இரண்டு நாள்தான் தொடுகிறாள். மீதி நாளெல்லாம் நீச்சலாம், ஸ்கிப்பிங்காம்.

"நாற்பத்தெட்டு வயசில் குதிக்கிறாள், பார்க்கச் சகிக்கலை," என்றது சைக்கிள், பக்கத்து ஆணியில் தொங்கிய ஸ்கிப்பிங் கயிற்றிடம். "ஸ்கூல் படிக்கிறப்போ அவளுக்கு ரெட்டைச் சடை, நீல ரிப்பன். முதல் மணி அடித்த பிறகுதான் வீட்டை விட்டுக் கிளம்புவோம். இரண்டாம் மணிக்குள் கான்வென்ட் கேட்டுக்குள் இருப்போம். உன்னை மாதிரி ஆளெல்லாம் எங்களுக்குத் தேவைப்பட்டதா?"

"இப்போ மேம்பாலத்தில் பாதியிலேயே இறங்கித் தள்ளுறாங்களே அக்கா, அது எதுக்கு?"

சைக்கிள் ஹேண்டில்பாரை வேறு பக்கம் திருப்பிக்கொண்டது. இன்னொரு தடவை தள்ள நேர்ந்தால் இதைக் கொடுத்துவிட்டு கியர் சைக்கிள் வாங்கப்போவதாக நிர்மலா போனில் சொன்னது அதன் காதிலும் விழுந்திருந்தது.

ஞாயிறு காலை மேம்பாலம் வந்தது. மூன்றாவது விளக்குக் கம்பத்தில்தான் அவள் எப்போதும் இறங்குவாள். சைக்கிள் நிற்கத் தயாரானது. நிர்மலா இறங்கவில்லை, சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதித்தாள். நான்காவது கம்பம், ஐந்தாவது கம்பம். செயின் கதறியது.

"மெதுவாடி! எனக்கும் வயசாச்சு!"

அவள் கேட்கவில்லை. உச்சியைத் தாண்டி, ஸ்கூல் பெண் மாதிரி கால்களை விரித்துக்கொண்டு இறக்கத்தில் பறந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கயிறு ஆவலாகக் கேட்டது: "ஏறிட்டீங்களா அக்கா?"

"ஏறாமல்?" என்றது சைக்கிள், மூச்சை அடக்கிக்கொண்டு. "எல்லாம் அந்த நாளில் நான் கொடுத்த பழக்கம்."

கயிறு ஆணியில் சுருண்டுகொண்டது. அதற்கு நாளை காலை அந்தக் கால்களைக் குதிக்க வைக்கும் வேலை இருந்தது.