ஓடையில் இருவர்

காய்ச்சல் என்று அலுவலகத்துக்கு விடுப்பு சொல்லிவிட்டு, ஜோயல் வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஓடையில் இறங்கித் தூண்டில் போடப் போயிருந்தான். அவன் படுத்திருக்கிறான் என்று அலுவலகம் நம்பவேண்டும். அதனால் போனை வீட்டில் வைத்துவிட்டு, நாடித் துடிப்பையும் ஆள் இருக்கும் இடத்தையும் காட்டும் தன் நாடிப்பட்டையைக் கழற்றி மனைவி பெனிட்டாவின் வலது கையில் கட்டிவிட்டிருந்தான். இடது கையில் அவளுடைய பட்டை இருந்தது.

பதினொரு மணிக்கு, வீட்டுப் படித்துறையை ஒட்டியிருந்த ஏரி மதகின் சின்ன ஒலிபெருக்கி பேசியது.

"ஏரி நிரம்பிவிட்டது. ஓடையில் யாரும் இல்லை. மதகு திறக்கப்படுகிறது."

அடுப்பில் கொதித்த குழம்பை அப்படியே விட்டுவிட்டு பெனிட்டா ஓடினாள்.

"ஆள் இருக்கு! என் வீட்டுக்காரர் உள்ள நிக்கிறாரு!" என்று ஒலிபெருக்கியைப் பார்த்துக் கத்தினாள். மதகு நிற்காமல் உயர்ந்தது. அதற்குப் பட்டைதான் ஆள்.

பட்டையைக் கழற்றித் தண்ணீரில் எறிந்தால் அதில் நாடி இருக்காது. நீச்சல் தெரியாத பெனிட்டா இரண்டு கைப் பட்டைகளோடும் நைட்டியோடு படிகளில் இறங்கினாள்.

"ஓடையில் இருவர். மதகு நிறுத்தப்படுகிறது. இருவரும் கரையேறியதும் மீண்டும் திறக்கப்படும்."

பாதி திறந்த மதகிலிருந்து வந்த தண்ணீர் அவள் மார்புக்கு ஏறியது.

"ஜோயல்! மேல ஏறு! சீக்கிரம் ஏறு!"

தண்ணீர் இன்னும் எட்டாத ஓடை வளைவுக்கு அப்பாலிருந்து அவன் உற்சாகமாகக் கத்தினான்.

"சாப்பிடத்தானே? பத்தே நிமிஷம் பெனி! பெரிய ஜிலேபிக் கெண்டை மாட்டியிருக்கு!"

படி அவளுக்குப் பின்னால் இரண்டடியில் இருந்தது. தண்ணீர் கழுத்தைத் தொட்டது. அவள் ஏறவில்லை.