அவசரக்குடுக்கையின் ஆட்டம்

"உண்மையைச் சொல்லவா, இல்ல உங்க மனசு குளிரச் சொல்லவா?" என்று கேட்டார் செஸ் பயிற்சியாளர்.

"உண்மைதான் சார் வேணும். அதுவும் எழுத்துல வேணும். நாளைக்குக் காலைல அஞ்சு மணிக்கு என் வீட்டுக்காரர் கிளம்பறதுக்குள்ள அவர் கையில கொடுத்தாகணும்" என்றாள் தையல்காரம்மா. கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்திருந்தாள். அளவு நாடா இன்னும் கழுத்திலேயே தொங்கியது.

"போட்டியா?"

"பெரிய நாள்னு வெச்சுக்கோங்க. நான் சொன்னா 'உனக்கென்ன தெரியும், போ'ங்கறார். செஸ் தெரிஞ்சவங்க சொன்னா அவருக்கு வேதவாக்கு."

அவள் கணவர் இணையத்தில் மூன்று நிமிட ஆட்டம் ஆடுகிறவர். அங்கே அவர் வைத்துக்கொண்ட பெயர் அவசரக்குடுக்கை. போன வாரம் அவள் அந்தப் பெயரைக் கொடுத்தபோது பயிற்சியாளர் விழுந்து விழுந்து சிரித்தார். ஆட்டங்களைத் திறந்து பார்த்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு வருட ஆட்டங்களை ஒன்றுவிடாமல் பார்த்து, இரண்டு பக்கத்துக்குக் குறிப்பு எழுதி வைத்திருந்தார்.

"ஆளு லேசுப்பட்டவர் இல்லம்மா. குதிரையை வெச்சு அவர் பண்ற அட்டகாசம் இருக்கே, அடேங்கப்பா! எதிராளி மூச்சு விடறதுக்குள்ள ராஜாவைச் சுத்தி வளைச்சிடறார். கடைசிப் பத்து செகண்டுலகூட கை நடுங்கறதில்ல. என்கிட்ட கத்துக்கறவங்கள்ல இவர்கூட மூணு நிமிஷ ஆட்டம் ஆடித் தப்பிக்கிற ஆள் ஒருத்தர் இல்ல."

அவள் முகத்தில் ஒரு சந்தோஷமும் தெரியவில்லை. "குறையைச் சொல்லுங்க சார்."

'கணவனைப் புகழ்ந்தால் கேட்கப் பிடிக்காத மனைவியும் உண்டு போலிருக்கிறது' என்று நினைத்துக்கொண்டார் பயிற்சியாளர்.

"குறை ரெண்டு. வெள்ளைக்காய் ஆடினா ராணி பக்கம் கோட்டை விடறார். ஓரத்துல யானை வந்து சும்மா நிக்குது, சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், இவர் அதைக் கண்டுக்கறதே இல்ல. கறுப்புக்காய் ஆடினா தலைகீழ். ராணி பக்கம் பிரமாதமா காப்பாத்தறார், ராஜா பக்கம் கோட்டை விடறார். நிறத்துக்கு ஒரு வியாதி! இருபது வருஷத்துல இப்படி ஒரு ஆட்டத்தை நான் பார்த்ததில்ல. ரெண்டுக்கும் தனித்தனியா பயிற்சி எழுதியிருக்கேன். ரெண்டு மாசத்துல சரியாயிடும்."

அவள் கழுத்திலிருந்த அளவு நாடாவைக் கையில் எடுத்தாள். "சார், எனக்கு இந்த ஆட்டம் தெரியாது. ஆனா எதிர்ல நிக்கிறவங்களுக்கு அளவெடுக்கறப்போ அவங்களுக்கு இடது கை எனக்கு வலது பக்கம் இருக்கும். கறுப்பு ஆடறப்போ கம்ப்யூட்டர்ல பலகை திரும்பிக்குமா?"

"திரும்பும். எப்பவும் நம்ம காய்தான் நமக்குக் கீழ..."

பயிற்சியாளர் சட்டென்று நிறுத்தினார். மடிக்கணினியை இழுத்து ஒரு வெள்ளை ஆட்டத்தைத் திறந்தார். ராணி பக்கம், திரையின் இடது ஓரம். ஒரு கறுப்பு ஆட்டத்தைத் திறந்தார். பலகை திரும்பியிருந்தது. ராஜா பக்கமும் அதே இடது ஓரம்.

பலகையைப் பலகையாகவே பார்த்துப் பழகிய புத்தி. உட்கார்ந்து ஆடுகிற மனிதன் எந்தப் பக்கம் பார்க்கிறான் என்று அதற்குத் தோன்றவே இல்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது.

"ரெண்டு குறை இல்லம்மா. ஒண்ணுதான். இடது பக்கத்துல வர்றது எதுவும் அவர் கண்ணுல படல."

"எப்போலேர்ந்து சார்?"

தேதிகளைப் புரட்டினார். "மூணு மாசமா. அதுக்கு முன்னாடி ஒரு ஆட்டத்துலகூட இல்ல."

"மூணு மாசம் முன்னாடிதான் மாடிப்படியில உருண்டு விழுந்தார். கால் உடைஞ்சுது, அதுக்குக் கட்டுப் போட்டாங்க. தலையில லேசா வீக்கம், ஐஸ் வெச்சு விட்டுட்டோம். அன்னிலேர்ந்து தட்டுல இடது பக்கம் வெச்ச சோறு அப்படியே கிடக்கும். கதவு நிலையில தோளை இடிச்சுப்பார். டாக்டர்கிட்ட போலாம்னா, 'என் கண்ணு கழுகுக் கண்ணு'ங்கறார்."

"இதை வந்தவுடனே சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருந்தா நீங்களும் அதையேதான் தேடியிருப்பீங்க. 'என் பொண்டாட்டி சொல்லிக்கொடுத்து எழுதினது'ன்னு அவர் காகிதத்தைக் கிழிச்சுப் போட்டிருப்பார்."

பயிற்சியாளர் இரண்டு பக்கத்தையும் கசக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒரு தாளை எடுத்தார். 'ஐயா, உங்கள் ஆட்டத்தில் குறை இல்லை. பார்வையில் இருக்கிறது. உடனே டாக்டரைப் பாருங்கள்' என்று தொடங்கி, எந்தெந்த ஆட்டம், எந்தெந்த நகர்த்தல் என்று வரிசையாக எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

தாளை வாங்கியதும் தையல்காரம்மா உடைந்து போனாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள்.

பயிற்சியாளர் பதறினார். "அட, இதுக்குப் போய் அழலாமா? நாளைக்குப் போட்டிக்குப் போகலைன்னா போகட்டும்மா. ஒரு ஆட்டத்துல தோத்தா யார் உயிர் போயிடப் போகுது?"

"போட்டியாவது ஒண்ணாவது சார்!" என்றாள் அவள், கண்ணைத் துடைத்தபடி. "கால் சரியாயிடுச்சுன்னு நாளையிலேர்ந்து மறுபடியும் டவுன் பஸ் ஓட்டப் போறார்."