நடுப்புள்ளிக்கு நடப்பவன்

அந்தத் தீவு நாட்டு அணி எத்தனையோ ஆண்டுகளாகச் சர்வதேசப் போட்டிகளுக்குப் போய் வருகிறது. ஒரு கோல்கூட அடித்ததில்லை. எதிரணியிடம் கோல் வாங்கிய அணிதான் நடுப்புள்ளியில் பந்தை வைத்து ஆட்டத்தை மறுபடி தொடங்க வேண்டும். கோல்கீப்பர் சூசை வலைக்குள் குனிந்து பந்தை எடுத்துக் கொடுப்பான். கேப்டன் கிளீட்டஸ் அதை மார்போடு அணைத்துக்கொண்டு, தலையைத் தொங்கப் போட்டபடி நடுப்புள்ளிவரை நடப்பான். ஓட்டத்தைவிட அந்த நடைதான் அவன் கால்களுக்கு நன்றாகப் பழகியிருந்தது. இன்றும் ஐந்து முறை நடந்தாயிற்று. ஆட்டம் முடியும் தறுவாயில், யாரோ உதைத்த பந்து கிளீட்டஸின் முழங்காலில் பட்டுத் தெறித்து எதிரணியின் வலைக்குள் விழுந்தது. நடுவர் விசில் ஊதினார். பெருமூச்சு விட்டபடி போய்ப் பந்தை எடுத்தான், மார்போடு அணைத்தான், நடந்தான். கூட ஆடுகிறவர்கள் இடுப்பில் கைவைத்துப் புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவன் மட்டும் அருகில் வந்து, "விடுண்ணே, இன்னும் கொஞ்ச நேரந்தான்" என்று முதுகில் தட்டிவிட்டுப் போனான். கிளீட்டஸ் நடுப்புள்ளியில் பந்தை வைத்து, அதன்மேல் ஒரு காலையும் வைத்துக்கொண்டு விசிலுக்காகக் காத்திருந்தான். நடுவர் அருகில் வந்து தாழ்ந்த குரலில், "பந்த அவங்ககிட்ட குடு தம்பி. இந்த வாட்டி வாங்குனது அவங்க" என்றார். கிளீட்டஸுக்கு அது புரியக் கொஞ்ச நேரம் ஆனது. காலை எடுத்துவிட்டு, சொல்வதற்காகச் சூசையின் பக்கம் திரும்பினான். விசில் சத்தம் கேட்டதிலிருந்தே சூசை மைதானத்துக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, தன் வலைக்குள் பந்தைத் தேடிக்கொண்டிருந்தான்.