கொரினுக்குப் பக்கத்து இடம்

ஏழு பேரும் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். எல்வுட் மட்டும் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நடிகை கொரின் ஹாலமின் நினைவு நாள் அது. ஹாலிவுட்டில் அவளுடைய ரசிகர் மன்றம் வருடம் தவறாமல் கூடும் இடம் இந்தக் கல்லறைச் சுவர்தான். சவப்பெட்டியைச் சுவருக்குள் நீளவாக்கில் செருகி, வாயைப் பளிங்குப் பலகையால் மூடிவிடுவார்கள். கொரினின் பலகை கண் மட்டத்தில் இருந்தது. அதற்கு அடுத்தது எல்வுட்டின் இடம். உயிரோடு இருக்கும்போதே, மீன்பிடிப் படகை விற்று வாங்கிப் போட்டது.

மன்றத் தலைவர் பதவி அவருக்குக் கிடைத்ததே அந்த இடத்தால்தான். மற்றபடி அவரிடம் என்ன இருந்தது? மன்றத்து மில்டனைப் போல கொரினின் வசனங்களை ஏற்ற இறக்கத்தோடு சொல்ல வராது. தெல்மாவிடம் கொரின் போட்டிருந்த கையுறை இருக்கிறது. இவரிடம் ஒரு கைக்குட்டைகூடக் கிடையாது. படங்களின் பெயர்களை இன்றைக்கும் மாற்றிச் சொல்லி அசடு வழிவார்.

ஆனால் செத்த பிறகு அவள் பக்கத்தில் படுக்கப் போகிறவர் இவர் ஒருவர்தான். அந்த ஒரே தகுதியில், ஒவ்வொரு வருடமும் முதல் பூவை இவர்தான் வைத்தார், புது மாப்பிள்ளைத் தோரணையோடு.

இன்று எல்வுட்டின் இடத்துப் பலகையில் ஒரு பெயர் பொறித்திருந்தது. நோரீன் ப்ரூயிட். எல்வுட்டின் மனைவி.

பிப்ரவரியில் அவள் இறந்தபோது மன்றத்தார் எல்லோரும் தேவாலயத்துக்கு வந்து அழுதுவிட்டுப் போனார்கள். எங்கே வைக்கப் போகிறாய் என்று யாரும் கேட்கவில்லை. இவரும் சொல்லவில்லை.

இடம் போனால் பதவியும் போச்சு. பதவி போனால் தன்னோடு உட்கார்ந்து பேச இந்த ஊரில் ஒரு ஆள் இருக்காது என்பது எல்வுட்டுக்கு நன்றாகத் தெரியும்.

"என்னய்யா இது?" என்றார் மில்டன். "அந்த இடத்தை எனக்குக் குடுன்னு எத்தனை தடவை கெஞ்சியிருப்பேன்? போயும் போயும் நோரீனுக்கா? கொரினைக் கண்டாலே அவங்களுக்கு ஆகாதே."

உண்மைதான். நோரீன் கொரினை 'ஒட்டு இமைக்காரி' என்றுதான் சொல்லுவாள். மன்றத்துக்கே உருளைக்கிழங்கு சாலட் செய்து கொண்டுவந்து கொடுத்துவிட்டு, காரிலேயே உட்கார்ந்து ரேடியோவில் பேஸ்பால் கேட்பாள். படத்துக்குக் கூப்பிட்டால் மறுக்காமல் வருவாள். வந்து பக்கத்து இருக்கையில் தூங்கிவிடுவாள்.

'செத்தும் அவளோடதான் குடித்தனமா? நடத்துங்க, நடத்துங்க' என்று சாப்பாட்டு மேஜையில் சிரிப்பாள். எல்வுட்டும் கூடச் சேர்ந்து சிரிப்பார். அதில் சிரிக்க என்ன இருந்தது என்று இப்போது அவருக்குத் தெரியவில்லை.

"அப்ப நீ எங்கய்யா போவே?" மில்டன் விடுவதாக இல்லை.

எல்வுட் நோரீனுக்கு அந்தப் பக்கம் இருந்த வெறும் பலகையைக் காட்டினார். கொரின், நோரீன், அப்புறம் எல்வுட். யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

தெல்மா சிரிக்கவில்லை. அவள் கண் கலங்கிவிட்டது.

"சும்மா இரு மில்டன். உயிரா நெனச்ச இடத்தைப் பொண்டாட்டிக்கு விட்டுக் குடுத்துட்டு நிக்கிறான் மனுஷன். உங்கள்ல எவன் செய்வான், சொல்லு பார்ப்போம்."

எவனும் செய்ய மாட்டான் போலிருந்தது. ஆண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். கூட்டத்தில் நின்ற லொரெய்ன் தன் கணவனை ஒரு முறை முறைத்தாள். பாவம், அவர் வந்ததிலிருந்து வாயே திறக்கவில்லை.

கடைசியில் மில்டனே தொப்பியைக் கழற்றினார். "நீதான்யா எப்பவும் தலைவர். வை, பூவை வை" என்று இவர் தோளைத் தட்டினார்.

எல்வுட் வாயைத் திறந்தார். உள்ளதைச் சொல்லிவிடலாம் என்றுதான் திறந்தார். அதற்குள் தெல்மா கட்டிப்பிடித்துக்கொண்டாள். மற்றவர்கள் கை தட்டினார்கள், கல்லறை என்றுகூடப் பார்க்காமல். அவர் வாயை மூடிக்கொண்டார். பதவி என்றால் சும்மாவா?

நோரீன் இறந்த மறுநாள் எல்வுட் இந்தக் கல்லறை அலுவலகத்துக்கு வந்தது தன் இடத்தைக் கொடுக்க அல்ல. தெருவை ஒட்டி, நாள் முழுக்க வண்டி இரைச்சல் கேட்கும் பின்பக்கச் சுவரில், அவளுக்கு மலிவாக ஓர் இடம் கிடைக்குமா என்று கேட்க வந்தார். தன்னுடையதைத் தரலாம் என்று அவருக்குத் தோன்றக்கூட இல்லை.

அலுவலகப் பெண் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அவங்களுக்குத்தான் இடம் இருக்கே சார். உங்க இடத்துக்கு அடுத்தது. நீங்க வாங்கின அதே வாரம் அவங்களே வந்து வாங்கிட்டுப் போயிருக்காங்க."

தன் இடத்தை அவளுக்கும் அவள் இடத்தைத் தனக்கும் மாற்றிப் போடுங்கள் என்றார் எல்வுட்.

அந்த இடங்களை வாங்கிய வருடம்தான் நோரீன், சேர்த்து வைத்திருந்த பணத்தில் புது அடுப்பு வாங்கப் போவதில்லை என்று சொன்னாள். ஏன் என்று எல்வுட் கேட்கவே இல்லை.