பக்கத்துத் துணி

மகள் வீட்டு பால்கனி தெரியும் ஒரு ஜன்னலின் விலை, மாதம் இரண்டாயிரம்.

அதே மூன்றாம் மாடியில் பின்பக்க வீட்டுக்கு வாடகை அந்த இரண்டாயிரம் குறைவு. தெருவைப் பார்த்த இந்த வீட்டுக்குத்தான் கூடுதல் என்றார் தரகர்.

எதிர்ச்சாரியில் அவளுடைய மஞ்சள் துண்டு கம்பியில் காய்ந்துகொண்டிருந்தது. பேத்தியின் மூன்று சக்கர சைக்கிள் தலைகீழாகக் கிடந்தது. கூப்பிட்டால் கேட்கும் தூரம்.

ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டேன். இரண்டாவது தடவை பார்த்தால் விலை ஏறும்.

நாற்பது வருஷம் துணி வியாபாரம். பிடித்த துணியைத் தொடக் கூடாது. பக்கத்துத் துணியைத் தடவிக்கொண்டே பிடித்ததன் விலையைக் கேட்க வேண்டும்.

காலையிலிருந்து மகள் என்னைக் கூட்டிக்கொண்டு மூன்று ஏரியா சுற்றியிருந்தாள். முதலில் ஸ்டேஷன் பக்கம். ரயில் போகும்போதெல்லாம் சுவரில் அடித்த ஆணி ஆடியது. அடுத்தது ஏரிக்கரை. அகலமான தெரு, வரிசையாக மரங்கள், எந்நேரமும் சாத்திய கேட்டுகள். மகள் வீட்டுக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். அங்கே நான் விழுந்து கிடந்தால், மீட்டர் பார்க்க வருகிறவர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆகவே, இங்கே நின்றுகொண்டு ஏரிக்கரையைத் தடவ ஆரம்பித்தேன்.

"ஏரிக்கரையில காத்துன்னா அது காத்து. இங்க சாயங்காலம் வெயில் நமக்கு முன்னாடி கட்டில்ல ஏறிப் படுத்துக்கும்போல. வாடகையில அதுக்கும் பங்கு உண்டா?"

தரகர் என் மகளைப் பார்த்தார். பிறகு தலையைச் சொறிந்தார். அந்த இரண்டாயிரத்தை விட்டுவிடுகிறேன் என்றார்.

இவ்வளவு சீக்கிரம் இறங்குகிறவரிடம் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். உதட்டைப் பிதுக்கினேன். ஏரிக்கரையில் லிஃப்ட்டும் உண்டு என்றேன்.

மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அப்போ ஏரிக்கரையே எடுத்துக்கங்கப்பா. எனக்காக இங்க வந்து கஷ்டப்பட வேணாம்."

எட்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் ஃபோனில், "இங்கயே வந்துடுங்கப்பா" என்று கேட்டவள். கடையை விட்டு எப்படி வருவது என்று அதற்கும் பிகு பண்ணினேன். கடையை விற்று ஒரு வருஷம் ஆகிறது.

அந்த இடத்திலாவது வாயைத் திறந்திருக்கலாம். கால் முந்திக்கொண்டது. பேரம் படியாவிட்டால் கடையை விட்டு இறங்கிவிட வேண்டும். பத்தடி தாண்டுவதற்குள் கூப்பிடுவார்கள். கூப்பிடாத கடையை நான் பார்த்ததில்லை.

படிகளை எண்ணிக்கொண்டே இறங்கினேன். பத்து. இருபது. மேலே சத்தமே இல்லை. முப்பதாவது படியில் ஷூ லேஸ் கட்டுகிற மாதிரி குனிந்து நின்றேன். போட்டிருந்தது செருப்பு.

தெருவாசலுக்கு வந்த பிறகுதான் பின்னாலிருந்து ஒரு குரல் கூப்பிட்டது. தரகர். மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்.

"நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்கய்யா. இந்த வீட்டுக்கு உங்க பொண்ணு போன மாசமே அட்வான்ஸ் கொடுத்தாச்சு. ஒப்பிட்டுப் பாக்காம எங்கப்பா எதையும் எடுக்க மாட்டார்னு சொல்லித்தான் மத்த ரெண்டு ஏரியாவும். அந்த ரெண்டாயிரமும் நான் குறைக்கல. மாசாமாசம் அவங்க தர்றதா இருந்தாங்க."

அண்ணாந்து பார்த்தேன். ஜன்னல் திறந்தபடியே இருந்தது. அதில் யாரும் இல்லை.

"பிடிச்சிருக்கும்மா" என்று முணுமுணுத்துப் பழகிக்கொண்டே ஏறுகிறேன். ஒரே ஒரு வார்த்தை. எந்தச் சரக்கைப் பார்த்தும் இதுவரை சொன்னதில்லை.

இறங்கியது ஐம்பத்து நான்கு படி. ஏறியது பதினேழு. முட்டி இரண்டும் கெஞ்சுகின்றன.

பாக்கி முப்பத்தேழு.